அச்சில் வார்த்த பாட்டு

வணிக நோக்கில் எழும் மெல்லிசைப் பாடல்களைப் பற்றிக் கற்றோர் கூறும் குறை ஒன்று உண்டு. எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. ஒன்றைக் கேட்டால் நூற்றைக் கேட்டதாகும் என்பது அக்குறை. இது புதிய குறையன்று. முற்றும் பொய்யும் அன்று. அமெரிக்க நாட்டில் மெல்லிசைப் பாடல்கள் நூறாண்டுக்கும் மேலாக, தொழிற்சாலையில் பண்டம் செய்வது போலவே, அளவு குறித்தும் காலம் குறித்தும் விலை குறித்தும் செய்யப்பட்டு வந்துள்ளன. ஆயினும் அவ்வரலாற்றை முழுமையாக நோக்குவோர்க்கு மற்றோர் உண்மையும் புலப்படும். அச்சை மீறி எழுந்த பெரும் படைப்புகள் பலவும் அவ்வச்சிலேயே பயின்றவர்களின் கைகளிலிருந்து பிறந்தவை. இது நிகழ்ந்த வகையை நியூயார்க், டெட்ராய்ட் ஆகிய இரு நகரங்களின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

28ஆம் தெருவில் பிறந்த தொழில்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பாட்டு என்பது அமெரிக்க இல்லங்களுக்குள் அச்சிட்ட தாளாகவே நுழைந்தது. வானொலி தோன்றாத, இசைத்தட்டு பரவாத காலம் அது. வசதியுள்ள வீடுகளில் பியானோ இருந்தது. கடையிலிருந்து இசைத்தாள் வாங்கி வந்து, மாலை வேளையில் குடும்பத்தார் கூடிப் பாடி மகிழ்ந்தனர். எனவே ஒரு பாட்டின் வெற்றி, எத்தனை தாள்கள் விற்றன என்பதைக் கொண்டே அளக்கப்பட்டது.

1892இல் சார்லஸ் கே. ஹாரிஸ் என்பவர் வெளியிட்ட ‘ஆஃப்டர் த பால்’ என்னும் பாடல் பல இலட்சம் படிகள் விற்று, ஒரே பாட்டினால் ஒருவர் பெருஞ்செல்வர் ஆகலாம் என்பதை மெய்ப்பித்தது. அதனையடுத்து இசைத்தாள் பதிப்பகங்கள் நியூயார்க் நகரின் மன்ஹாட்டன் பகுதியிலுள்ள 28ஆம் தெருவில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக இடம்பிடித்தன. சாளரந்தோறும் பியானோவின் ஓசை எழுந்தது. தகரத் தட்டுகளைத் தட்டினாற்போன்ற அவ்விரைச்சலால் அத்தெருவுக்கு ‘டின் பான் அலி’ என்னும் பட்டப்பெயர் வழங்கலாயிற்று. தகரத்தட்டுச் சந்து என்பது அதன் பொருள். நாளடைவில் அப்பெயர் அமெரிக்கப் பாட்டுத் தொழில் முழுமைக்கும் உரியதாயிற்று.

பாட்டெழுதுதல் கற்றுக்கொள்ளத்தக்க ஒரு கைத்தொழில் என்னும் எண்ணம் அங்கேதான் வேரூன்றியது. மக்கள் விரும்பும் பாடலை எழுதுவது எவ்வாறு என்பதை விளக்கி, ஹாரிஸே 1906இல் ஒரு நூல் வெளியிட்டார். அச்சு என்பது இவ்வாறு வெளிப்படையாகக் கற்பிக்கப்படும் பொருளானதால், இசைக் கல்லூரியின் வாயிலை மிதிக்க இயலாத ஏழைப் பிள்ளைகளுக்கு அதுவே வாயிலாயிற்று. ருசியப் பேரரசிலிருந்து 1893இல், ஐந்து வயதுச் சிறுவராக, யூதக் குடும்பம் ஒன்றில் நியூயார்க் வந்து சேர்ந்தவர் இர்விங் பெர்லின். உணவு விடுதியில் பாடிக்கொண்டே பரிமாறும் பணியாளாக அவர் வாழ்க்கையைத் தொடங்கினார். சுரக்குறிப்பை எழுதப் படிக்க அறியாத அவர், பெரும்பாலும் பியானோவின் கறுப்புக் கட்டைகளைக் கொண்டே மெட்டமைத்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களை ஆக்கினார்.

ஜார்ஜ் கெர்ஷ்வின் என்பாரின் கதையும் ஈண்டு நோக்கத்தக்கது. 1914இல், தம் 15ஆம் வயதில், அவர் பள்ளியை விட்டு நீங்கி, ரெமிக் என்னும் பதிப்பகத்தில் வாரம் 15 அமெரிக்க வெள்ளி ஊதியத்துக்கு அமர்ந்தார். வருவோர்க்கெல்லாம் பதிப்பகத்தின் பாடல்களை வாசித்துக் காட்டி அவற்றின்பால் விருப்பம் உண்டாக்குவதே அவர் பணி. பிறர் பாடல்களை நாள் முழுதும் வாசித்த அதே கைகள், பத்தே ஆண்டுகளில், 1924இல், ‘ராப்சடி இன் புளூ’ என்னும் பெருங்கச்சேரி இசையைப் படைத்தன.

32 சுற்றுகளின் இலக்கணம்

இருபதாம் நூற்றாண்டின் முதற் கால்பகுதிக்குள் அவ்வச்சின் வடிவம் திட்டமாயிற்று. பழைய பாடல்களில் நீண்ட சரணங்கள் பல இருந்தன. இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே ஒலித்தது. நடன அரங்குகள் எளிதில் மனத்தில் பதியும் மெட்டை நாடின. ஆகவே கதை சொல்லும் சரணங்கள் சுருங்கின. பல்லவிப் பகுதியே பாட்டாயிற்று.

அதன் அமைப்பு எளியது. மேலைநாட்டு இசையில் தாளத் தட்டுகள் நான்கு நான்காகப் பகுக்கப்படும். அப்பகுப்பு ஒவ்வொன்றையும் ஒரு சுற்று எனக் கொள்ளலாம். பாட்டு முழுவதும் 32 சுற்றுகள். அவை எட்டெட்டாக நான்கு பகுதிகளாகும். முதற்பகுதி ஒரு மெட்டைக் கூறும். இரண்டாம் பகுதி அதே மெட்டை வேறு சொற்களோடு மீட்டும் கூறும். மூன்றாம் பகுதி வேறு மெட்டுக்கு மாறும். இதனைப் பாலம் என்று அத்தொழிலார் அழைத்தனர். நான்காம் பகுதி மீண்டும் முதல் மெட்டுக்கே திரும்பும். இருமுறை கேட்ட மெட்டு செவிக்குப் பழகுகிறது. பாலம் அதனைச் சற்றே மறக்கச் செய்கிறது. திரும்பி வரும்போது அதே மெட்டு பிரிந்த உறவினரைக் கண்டாற்போல் இன்பம் தருகிறது. மனித நினைவின் இயல்பை அறிந்தோர் கண்ட அமைப்பு அது.

‘த விசார்ட் ஆஃப் ஆஸ்’ என்னும் திரைப்படத்துக்காக ஹெரால்டு ஆர்லன் மெட்டமைத்து, யிப் ஹார்பர்க் சொல்லமைத்த ‘ஓவர் த ரெயின்போ’ 1939இல் வெளிவந்தது. அதுவும் இவ்வச்சில் அமைந்ததே. ஆயின், ஏங்கி நிற்கும் ஒரு சிறுமியின் குரலாக வரும் அப்பாட்டின் முதற் சுரத்துக்கும் இரண்டாம் சுரத்துக்கும் இடையே ஒரு முழுத் தாயியின் இடைவெளி உண்டு. மண்ணிலிருந்து வானுக்குத் தாவுவது போன்ற அத்தாவலை எந்த அச்சும் ஆர்லனுக்குக் கொடுக்கவில்லை. படத்தைத் தயாரித்த நிறுவனத்தில் சிலர் அப்பாடலை நீக்கிவிடவும் கருதினர். நீக்கப்படாமல் நின்ற அப்பாட்டு அவ்வாண்டின் சிறந்த திரைப்பாடலுக்கான ஆஸ்கர் பரிசைப் பெற்றது.

1930இல் கெர்ஷ்வின் இயற்றிய ‘ஐ காட் ரிதம்’ என்னும் பாடலுக்கு வேறொரு வகையான நீண்ட வாழ்வு வாய்த்தது. ஒரு பாட்டின் மெட்டைப் பதிப்புரிமைச் சட்டம் காத்தது. மெட்டின் அடியில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளின் வரிசையைக் காக்கவில்லை. எனவே 1940களில் ஜாஸ் இசைவாணர்கள் அப்பாட்டின் சுரக்கூட்டு வரிசையை மட்டும் எடுத்துக்கொண்டு, அதன்மேல் புதுப்புது மெட்டுகளைப் படைத்தனர். ஒருவர் வார்த்த அச்சு பிறர்க்கு ஆடுகளமாயிற்று.

அறிஞர் ஒருவரின் கண்டனம்

இவ்வச்சுக் கலையைக் கடுமையாகக் கண்டித்தவருள் தலையாயவர் தியோடர் அடோர்னோ என்னும் ஜெர்மானிய மெய்யியலறிஞர். இசை பயின்றவர், நாசி ஆட்சியால் தாயகம் விட்டு வெளியேறி, 1938இல் அமெரிக்கா வந்தவர். மெல்லிசையைப் பற்றி 1941இல் வெளியிட்ட கட்டுரையில் அவர் இரு குற்றங்களைச் சுமத்தினார். உயர்ந்த இசையில் ஒரு பகுதியை நீக்கினால் முழுமை கெடும். மெல்லிசைப் பாட்டிலோ ஒரு பகுதியை எடுத்து வேறொரு பாட்டின் பகுதியை வைத்தாலும் கேடில்லை என்பது ஒன்று. இவ்வொருமை வெளிப்படாதிருக்க, பாட்டுக்குப் பாட்டு மேற்பூச்சாகச் சிறு வேறுபாடுகள் சேர்க்கப்படுகின்றன. கேட்போர் தாமே தேர்ந்ததாக எண்ணி ஏமாறுகின்றனர் என்பது மற்றொன்று.

இக்கண்டனத்தைப் புறக்கணித்தல் ஆகாது. விற்பனைக்கென விரைந்து செய்யப்பட்டு, விரைந்து மறைந்த பாடல்கள் எண்ணில. அவற்றுக்கு அடோர்னோவின் தீர்ப்பு பொருந்தும். ஆயினும் யாப்பு என்னும் வரையறையோடு வாழ்ந்த தமிழ் மாணவர் இங்கே ஒரு வினா எழுப்புதல் இயல்பு. ஏழு சீரில் அடங்கிய ஒரே வடிவில் 1330 குறட்பாக்கள் அமைந்துள்ளன. வடிவம் ஒன்றாயிருத்தல் பொருளை ஒன்றாக்கவில்லை. எனில், பாட்டைக் கெடுப்பது அச்சா, அல்லது அச்சைக் கையாளும் நோக்கமா? இவ்வினாவுக்கு விடை, அடோர்னோ அக்கட்டுரையை எழுதிய பின்னர் நிகழ்ந்த வரலாற்றில் கிடைக்கின்றது.

பிராட்வேயின் சிற்றறைகள்

1950களில் இளைஞரிடையே ராக் இசை பரவிய பின்னர், பாட்டுத் தொழிலின் மையம் அதே நகரின் பிராட்வே சாலைக்கு நகர்ந்தது. 1619ஆம் எண்ணில் பிரில் மாளிகையும், அதன் அண்மையில் 1650ஆம் எண்ணில் மற்றொரு கட்டடமும் இசைப் பதிப்பகங்களால் நிறைந்திருந்தன. இரண்டாவது கட்டடத்தில், 1958இல், டான் கிர்ஷ்னர், ஆல் நெவின்ஸ் ஆகிய இருவரும் ஆல்டன் மியூசிக் என்னும் பதிப்பகத்தை நிறுவினர். சிறுசிறு அறைகள்; அறைக்கு ஒரு பியானோ, ஓர் இருக்கை. ஓர் அறையில் எழும் மெட்டு அடுத்த அறையில் கேட்கும். பெரும்பாலும் இருபதைச் சுற்றிய அகவையினரான இணையர்கள் அங்கு நாள்தோறும் வந்து பாட்டெழுதினர். கேரல் கிங், ஜெரி காபின் என்னும் கணவன் மனைவியரும், பேரி மான், சிந்தியா வைல் என்னும் இணையரும் அவர்களுள் புகழ்பெற்றோர்.

1960இல் கேரல் கிங்குக்கு வயது 18, கைக்குழந்தையின் தாய். கணவர் பகலில் வேதியியல் கூடமொன்றில் உதவியாளர். அவ்வாண்டு அவர்கள் இயற்றிய ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ என்னும் பாடலை ஷிரெல்ஸ் என்னும் கறுப்பின இளம்பெண்கள் நால்வர் பாடினர். 1961ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. கறுப்பினப் பெண்கள் குழு ஒன்று அவ்விடத்தை எய்தியது அதுவே முதன்முறை. வடிவத்தால் அது பழைய அச்சேதான்: ஒரு மெட்டு, அதன் மறுபடி, பாலம், மீட்சி. ஆயின் அதன் உள்ளீடு வேறு. தன்னை நாடி வந்தவனின் அன்பு நாளையும் நிலைக்குமா என்று ஓர் இளம்பெண் அஞ்சிக் கேட்கும் கேள்வி அது. அன்றைய வானொலிப் பாடல்கள் வாய்திறந்து பேசத் தயங்கிய ஒன்றை, எல்லார்க்கும் பழகிய வடிவம் அமைதியாகச் சுமந்து சென்றது.

1964இல் பீட்டில்ஸ் குழுவினர் அமெரிக்கா வந்தனர். தம் பாடல்களைத் தாமே எழுதிய அவர்களின் வெற்றிக்குப் பின்னர், பிறர்க்காகப் பாட்டெழுதும் தொழில் மெல்லத் தளர்ந்தது. ஆயினும் அவர்கள் 1963இல் வெளியிட்ட முதல் இசைத்தொகுப்பில் காபின், கிங் இணையரின் பாடல் ஒன்றும், ஷிரெல்ஸ் குழுவினர் முன்னரே பாடிய பாடல்கள் இரண்டும் இடம்பெற்றுள்ளன. சிற்றறைகளை வறிதாக்கியவர்களும் ஒருகால் அச்சிற்றறைகளின் மாணவர்களே.

டெட்ராய்டின் பாட்டு ஆலை

அச்சுமுறையை எவரினும் துணிவாகத் தொழிற்சாலை முறையாகவே நடத்தியவர் பெரி கார்டி. மோட்டார் வாகனத் தொழிலுக்குப் பெயர்பெற்ற டெட்ராய்ட் நகரின் கறுப்பினத்தவரான அவர், 1950களில் லிங்கன் மெர்க்குரி வாகன ஆலையில் தொழிலாளியாக இருந்தார். வெறும் சட்டமாக ஒரு முனையில் புகுவது, தொழிலாளர் பலரின் கைகளைக் கடந்து, மறுமுனையில் முழு வாகனமாக வெளிவருவதை அவர் நாள்தோறும் கண்டார். அதுபோலவே தெருவிலிருந்து வரும் இளைஞர் ஒருவரைப் புகழ்பெற்ற பாடகராக்கி அனுப்பலாம் என எண்ணினார். 1959இல், குடும்பத்தாரின் பொதுச் சேமிப்பிலிருந்து 800 அமெரிக்க வெள்ளி கடன் பெற்றுத் தொழில் தொடங்கினார். வெஸ்ட் கிராண்ட் புலவார்டு சாலையில் வாங்கிய ஒரு வீடே ஒலிப்பதிவுக் கூடமாயிற்று. மோட்டவுன் நிறுவனம் இவ்வாறு பிறந்தது.

பாட்டெழுதுவோர், மெட்டமைப்போர், கருவியிசைப்போர், ஆடல் பயிற்றுவோர், பொதுஇடங்களில் நடந்துகொள்ளும் முறையைப் பயிற்றுவோர் என வேலை பிரிக்கப்பட்டது. வாரந்தோறும் கூட்டம் நடைபெற்றது. கையில் எஞ்சியுள்ள கடைசிக் காசுக்கு இந்த இசைத்தட்டை வாங்குவீர்களா, பசிக்கு ரொட்டி வாங்குவீர்களா என்பது அங்கு எழும் வினா. தேறாத பாடல் வெளிவராது. பிரையன் ஹாலந்து, லமாண்ட் டோசியர், எடி ஹாலந்து ஆகிய மூவர் இயற்றி, சுப்ரீம்ஸ் குழுவினர் பாடிய ஐந்து பாடல்கள், 1964, 1965 ஆகிய ஆண்டுகளில் அடுத்தடுத்து முதலிடம் பெற்றன.

அச்சின் பலவீனமும் அங்கேயே வெளிப்பட்டது. அம்மூவரின் பாடலொன்றைப் பாடி ஃபோர் டாப்ஸ் என்னும் குழுவினர் 1965இல் முதலிடம் பெற்றனர். அதே ஆண்டில், பெரும் விரைவில், அதனையே ஒத்த வேறொரு பாடல் செய்யப்பட்டது. அதன் பெயர் ‘இட்ஸ் த சேம் ஓல்டு சாங்’. அதே பழைய பாட்டு என்பது இதன் பொருள். அடோர்னோவின் குற்றச்சாட்டை ஆலையே தன் வாயால் ஒப்புக்கொண்டாற்போல் அமைந்தது அப்பெயர்.

மற்றொரு குறையும் உண்டு. அது இன்னும் பெரிது. அப்பாடல்களுக்கெல்லாம் உயிரூட்டிய கருவியிசைவாணர்கள் ஃபங்க் பிரதர்ஸ் எனத் தம்முள் அழைக்கப்பட்டனர். அடிநாதக் கிட்டார் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அவர்களுள் ஒப்பற்றவர். ஆயினும் இசைத்தட்டு உறைகளில் அவர்களின் பெயர்கள் அச்சிடப்படவில்லை. உரிமைத்தொகை பற்றிய பிணக்கினால் ஹாலந்து, டோசியர், ஹாலந்து மூவரும் நிறுவனத்தை விட்டு விலகினர். 1968இல் அப்பிணக்கு நீதிமன்றம் ஏறியது.

1971 என்னும் ஆண்டு

இவ்விரு நகரங்களின் வரலாறும் ஒரே ஆண்டில் வந்து கூடுகின்றன. 1971 பிப்ரவரியில் கேரல் கிங் ‘டாப்பெஸ்ட்ரி’ என்னும் இசைத்தொகுப்பை வெளியிட்டார். பிறர் பாடுவதற்கென எழுதி வந்தவர், தம் குரலில் தாமே பாடினார். அத்தொகுப்பு 15 வாரங்கள் முதலிடத்தில் நின்று, 1972இல் நான்கு கிராமி விருதுகளைப் பெற்றது. 18ஆம் வயதில் எழுதிய ‘வில் யூ லவ் மீ டுமாரோ’ பாடலையும் அவர் அதில் மீண்டும் பாடினார். மெட்டும் சொல்லும் மாறவில்லை. நடன வேகம் தணிந்தது; திருமணம் முறிந்து, இரு குழந்தைகளுக்குத் தாயாகி நின்ற ஒரு பெண்ணின் முதிர்ந்த குரலில் அதே கேள்வி எழுந்தது. இளமையில் அச்சமாக ஒலித்தது, இப்போது அறிந்தவரின் துயரமாக ஒலித்தது. பத்தாண்டு வாழ்க்கை முழுவதையும் தாங்கும் வலிமை அப்பழைய வடிவத்துக்கு இருந்தது.

அதே ஆண்டு மே மாதத்தில் மோட்டவுன் பாடகர் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ என்னும் தொகுப்பு வெளிவந்தது. அதன் தலைப்புப் பாடலுக்கு வித்திட்டவர் ரெனால்டோ பென்சன். ‘அதே பழைய பாட்டு’ப் பாடிய ஃபோர் டாப்ஸ் குழுவினருள் ஒருவர் அவர். 1969இல் கலிபோர்னியா மாநிலத்து பெர்க்லி நகரில் கிளர்ச்சியாளரைக் காவலர் தாக்கியதைக் கண்டு அவர் உள்ளம் வருந்தியதே அப்பாட்டின் தோற்றம். மார்வின் கேயின் தம்பி வியட்நாம் போரிலிருந்து திரும்பிக் கூறிய செய்திகளும் அத்தொகுப்பில் கலந்தன. இத்தகைய பாடல் விற்காது என்று கார்டி கருதினார். கேய் தம் நிலையில் உறுதியாக நின்றார். அவ்வாண்டுத் தொடக்கத்தில் தனித்தட்டாக வெளிவந்த பாடல் பெருவெற்றி பெற்றபின், முழுத் தொகுப்புக்கு வழி பிறந்தது.

அப்பாடலில் அடிநாதக் கிட்டார் வாசித்தவரும் ஜேம்ஸ் ஜேமர்சனே. ஆலையில் பல ஆண்டுகள் ஒரே வகைப் பாடல்களுக்கு வாசித்துப் பழகிய விரல்களே, ஆலை காணாத இசையையும் தந்தன. அத்தொகுப்பின் உறையில்தான், மோட்டவுன் வரலாற்றில் முதன்முறையாக, ஃபங்க் பிரதர்ஸ் இசைவாணர்களின் பெயர்கள் அச்சேறின. புதிய இசை பிறந்த நாளிலேயே அதனைச் செய்த கைகளும் பெயர் பெற்றன என்பது எண்ணத்தக்கது.

பிற்கால ஆலைகள்

பாட்டு ஆலைகள் 1971உடன் முடிந்துவிடவில்லை. 1980களில் இலண்டனில் ஸ்டாக், எய்ட்கன், வாட்டர்மன் ஆகிய மூவர், கணிப்பொறி சார்ந்த கருவிகளின் துணையோடு, பிரிட்டனில் நூற்றுக்கும் மேற்பட்ட வெற்றிப் பாடல்களை உருவாக்கினர். 1990களில் சுவீடன் நாட்டின் ஸ்டாக்ஹோம் நகரில் செய்ரான் என்னும் ஒலிப்பதிவுக் கூடம் அமெரிக்கப் பாடகர்களுக்கே பாட்டுச் செய்து அனுப்பியது. அங்குப் பயின்ற மேக்ஸ் மார்ட்டின், சொல்லின் பொருளினும் அதன் ஓசை மெட்டோடு பொருந்துவதையே முதன்மையாகக் கொண்டு, உலகின் தலைசிறந்த வெற்றிப் பாடலாசிரியருள் ஒருவரானார். தம் வளர்ச்சிக்குக் காரணம் சுவீடனின் பொது இசைக் கல்வியே என்று அவர் வெளிப்படையாகக் கூறியுள்ளார்.

முடிவுரை

அச்சு பாட்டைக் கெடுக்கிறதா என்னும் வினாவுக்கு இவ்வரலாறு தரும் விடை தெளிவானது. அச்சு, பயில்வோர்க்குப் பள்ளியாக இருந்த இடங்களில் கலை வளர்ந்தது. பிற நிறுவனங்கள் வாயிலடைத்த ஏழைகளையும் குடியேறியோரையும் கறுப்பினத்தவரையும் அது ஏற்றுக்கொண்டது, அருகருகே அமர்ந்து ஒருவரிடம் ஒருவர் கற்கச் செய்தது, கையைப் பழக்கியது. நேற்று விற்றதே நாளையும் விற்க வேண்டும் என்று அதே அச்சு கட்டளையிட்டபோதும், உழைத்தவரின் பெயரை மறைத்தபோதும், அது சிறையாயிற்று. கெர்ஷ்வினும் கிங்கும் ஜேமர்சனும் அச்சை வெறுத்து உயர்ந்தவர்கள் அல்லர். அதனை முற்றக் கற்று, சொல்ல வேண்டிய பொருள் வந்து சேர்ந்தபோது, அதனினும் பெரியதை நோக்கி நடந்தவர்கள்.

மாணவர்க்குச் செய்யுளும் கட்டுரையும் பயிற்றும் ஆசிரியர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. முன்னுரை, கருத்து, முடிவுரை என்னும் சட்டகத்தைக் கற்பித்தல் குற்றமாகாது. அதனைக் கல்லாத மாணவன் தன் எண்ணத்தை நிறுத்த இடமின்றித் தடுமாறுவான். ஆனால் சட்டகத்தை நிரப்பியதற்கே முழுமதிப்பெண் வழங்கினால், அதே பழைய பாட்டே வகுப்புதோறும் கேட்கும். ஒரு மாணவன் எழுதிய பத்தியில், கற்றுக்கொடுத்த வடிவத்துக்குள்ளேயே, கற்றுக்கொடாத ஒரு தாவல் எங்கேனும் தென்படுமாயின், அதனைக் கண்டு சிவப்பு மையால் அடியாமல் பாராட்டும் கண் ஆசிரியர்க்கு வேண்டும்.